டீத்தண்ணீரில் முக்கியெடுத்த சேலை

ஞாயிறு இரவு, சிதம்பரம்

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். எனக்கு வரவேண்டிய பதவியைப் பிடித்துக்கொண்ட பேராசிரியர், பழைய கறுப்பு-வெள்ளை மர்மப் படங்களில் கதாநாயகி வெள்ளைச் சேலையில் வருவது தூய்மையைக் காட்டத்தான் என்று பத்திரிகையில் எழுதியிருக்கிறார். எனக்குச் சந்தேகம். அந்தக் காலத்தில் ஸ்டுடியோவில் நடிகைகளுக்குச் சேலை கட்டிவிட்ட அத்தையைக் கடலூருக்குப் போய்க் கேட்டேன்.

“வெள்ளையா? டீத்தண்ணில முக்கி எடுத்த சேலைடா அது! சுத்த வெள்ளை கட்டுனா லைட்டு பட்டு, அவுங்க மூஞ்சியே தெரியாது.”

“அப்போ சிவப்பு?”

“கறுப்பாத் தெரியும். கொலை சீனுக்கு அதான் கட்டிவுடுவேன். ஆனா ஒரு படத்துலயும் எம் பேரு வரலடா.”

அந்தப் பத்திரிகைக்கு மறுப்புக் கடிதம் எழுதிவிட்டேன். என் கையெழுத்தைப் பார்த்தால் பழைய பகை என்று தூக்கி எறிவார்கள். அத்தையின் பெயரை மட்டும் முழுதாக எழுதியிருக்கிறேன். என் பெயர் இல்லாமலே நாளை தபாலில் சேர்த்துவிடுவேன்.