சாத்தனுக்கு முதல் கூழ்

சுங்குவார்சத்திரம் அருகில்
2.7.2025

பேராசிரியர் கலைமதி அம்மாவுக்கு நடேசன் வணக்கம்.

எழுத்து கோணலும் மாணலுமாக இருக்கிறது, மன்னிக்கவும். சித்திரையில் நீங்கள் ஊர்க் கதை கேட்டு என் பேச்சைப் பதிவு செய்தபோது சம்மதத் தாளில் கைநாட்டு வைத்தேனே, அதே கைதான். இப்போது முதியோர் வகுப்புக்குப் போகிறேன். இதுதான் என் முதல் கடிதம். ‘ழ’ வரும் இடத்தில் பேனா நின்று மூச்சு வாங்குகிறது.

பழைய எழுத்து வெட்டிய எங்கள் ஏரிக்கரைக் கல்லைப் படிக்க 13ஆம் தேதி ஞாயிறு வருகிறீர்களாம். எங்கள் ஊரும் எதிர்க்கரை ஊரும் ஒரே அம்மனுக்குத்தான் ஆடியில் கூழ் வார்க்கிறோம். எந்தக் குடம் முன்னே வந்ததோ அதை முதலில் ஊற்றுவோம். இந்த வருடம் எங்கள் தலைவர் வரதராஜன், அந்தக் காலத்து ராஜா ஒருவர் ஏரியை எங்களுக்கே கொடுத்தார் என்று பேனர் அடித்தார். எதிர்க்கரைக்காரர்கள் அதைவிடப் பெரிய பேனர் அடித்தார்கள். எந்த ஊர் மூத்ததோ அதன் குடம்தான் முதல் என்று சண்டை. இரண்டு ஊருக்கும் போக்குவரத்தே நின்றுவிட்டது. நீங்கள் கல்லைப் பார்த்துச் சொல்வதுதான் தீர்ப்பாம்.

என் மகள் சசிரேகாவை எதிர்க்கரையில் கொடுத்திருக்கிறேன். நீங்கள் எந்த ஊரைச் சொன்னாலும் மற்ற ஊர் முறைத்துக்கொள்ளும், அவள் என் வீட்டு வாசல் மிதிக்க முடியாது. அதனால் இரண்டு ஊருக்கும் ஒரே வயது என்று கல்லில் இருப்பதாகச் சொல்லிவிடுங்கள். நல்லதுக்கு ஒரு பொய்தானே.

நீங்கள் வருவதால் எங்கள் பிள்ளைகள் கல்லுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார்கள். பளபளவென்று இருக்கிறது.

இப்படிக்கு,
நடேசன்

சென்னை
7.7.2025

அன்புள்ள நடேசன் ஐயா,

உங்கள் எழுத்து நன்றாகப் புரிகிறது. படித்துச் சந்தோஷப்பட்டேன், பெயின்ட் வரும் வரைக்கும்! தயவுசெய்து யாரும் அதைச் சுரண்ட வேண்டாம். கம்பி பிரஷ் பக்கமே போக வேண்டாம். விவரம் தெரிந்த நண்பரை அழைத்து வருகிறேன்.

நீங்கள் கேட்டதை மட்டும் என்னால் செய்ய முடியாது. இன்று நல்லதுக்கு ஒரு பொய் சொன்னால், நாளை பேனர்க்காரர்கள் கேட்கும்போது மறுக்க எனக்கு வாய் இருக்காது. கல்லில் என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியாது. நீங்கள் பயப்படுவதே இருந்தாலும் அதைத்தான் படிப்பேன். சசிரேகாவை நினைத்தால் கஷ்டமாகத்தான் இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அன்புடன்,
கலைமதி

சுங்குவார்சத்திரம் அருகில்
5.8.2025

அன்புள்ள கலைமதி அம்மாவுக்கு,

கோபித்துக்கொண்டேன். அதனால்தான் அன்று கூட்டத்தில் பின்னாலேயே நின்றேன். உங்கள் நண்பர் பெயின்டைத் துடைத்து நீங்கள் படிக்கும்போதும் முன்னே வரவில்லை. சாத்தன் என்பவர் மதகு கட்டினார், அவர் ஊர்ப்பெயர் இருந்த இடம் உடைந்துவிட்டது, எந்த ஊர் மூத்தது என்று தெரியாது என்றீர்கள். “இன்னாம்மா, இவ்ளோ படிச்சிட்டு தெரியாதுன்றியே?” என்று தலைவர் கேட்டதை மனதில் வைக்காதீர்கள்.

நீங்கள் கார் ஏறிய பிறகுதான் வேடிக்கை. கார் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்திருந்த என் மாப்பிள்ளை, “யோவ் தலைவரே, அந்தம்மாவுக்கே தெரியல. நீ மட்டும் தெரிஞ்சிக்கினா பேனர் அடிச்சே?” என்றார். எதிர்க்கரை ஆட்கள் சிரித்தார்கள். “சிரிக்காதீங்க, நம்ம பேனரும் அப்படித்தான்” என்று அவர்களுக்கும் ஒன்று விட்டார்.

“அப்போ முதல் கொடம் யாருதுபா?” என்றார் தலைவர். எதிர்க்கரை காமாட்சியம்மாள் எழுந்து, “மதகு கட்னவன் பேரு கல்லுல கீது இல்ல? அவனுக்கு ஊத்துங்கடா. நாம ரெண்டு பேரும் ரெண்டாவதா வந்தா மானம் ஒண்ணும் போயிடாது” என்றார்.

போன ஞாயிறு கூழ் வார்த்தபோது அப்படியே செய்தோம். முதல் செம்புக் கூழ் சாத்தனுக்கு. கல்லின் மேல் ஊற்றவில்லை, நீங்கள் திட்டுவீர்கள். பக்கத்து மண்ணில் ஊற்றினோம். பிறகு இரண்டு ஊர்க் குடமும் சேர்ந்தே சாய்ந்தன.

சசிரேகா வந்தாள். கருவாட்டுக் குழம்போடு வந்தாள். இந்தக் கடிதத்தை எட்டிப் பார்த்து, “இன்னாப்பா, எழுத்தெல்லாம் குடிச்சிட்டு நடக்குது!” என்கிறாள். நான் சிரித்துச் சிரித்து வரி இன்னும் கோணுகிறது.

பொய் சொல்லாமல் போனதற்கு நன்றி அம்மா. அடுத்த முறை அந்தக் கைநாட்டுத் தாளைக் கொண்டு வாருங்கள். கைநாட்டை அழிக்க வேண்டாம், அதுவும் நடந்ததுதான். பக்கத்தில் கையெழுத்துப் போடுகிறேன்.

சசிரேகா தட்டு வைத்துக் கூப்பிடுகிறாள். மதகில் தூர் வாருவது பற்றி இரண்டு ஊரும் பேசப் போகிறோம். அதை அடுத்த வாரம் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
நடேசன்