உள்வரிசைக் கொக்கி

அம்மா,

இன்று காலை என் புதுப் பிராவைத் துவைத்து, மூங்கில் கழியில் மாட்டி, அடுக்களைச் சன்னலுக்கு வெளியே வெயிலில் நீட்டினேன். எதிர் அடுக்குமாடிப் புளோக்கில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு தன் செடியைப் பார்த்தார். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. இந்த ஈசூன் வீட்டில் முப்பது வருடங்களுக்கு மேலாக நம் இருவரின் உள்ளாடைகளும் குளியலறையில், ஒரு துண்டுக்கு அடியில்தான் காய்ந்தன. காய்ந்தன என்று சொல்வதே பெரிய வார்த்தை. அந்த ஈர நாற்றத்தை உடம்பில் மாட்டிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனேன். படிக்கும்போதும் போனேன், பாடம் நடத்தும்போதும் போனேன். "எதிர்த்த வீட்டுக்காரன் எண்ணிப் பாக்கணுமா?" என்பாய். அவனுக்கு வேறு வேலை இல்லையா என்று திருப்பிக் கேட்கும் துணிச்சல் எனக்கு நாற்பத்தாறு வயதில் வந்திருக்கிறது. கேட்பதற்கு நீ இல்லை.

மத்தியானம் அதை எடுத்தபோது வெயில் வாடை அடித்தது. உடனே உன்மேல் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் கோபத்தை மட்டும் எழுதினால் நான் பாதிப் பொய் சொன்னவள் ஆவேன். உன் கடைசி நான்கு மாதம், ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் உனக்குச் செய்த ஒன்றைக் கடமை என்று எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். போன சனிக்கிழமை ஒரு துணிக்கடையில் அந்தச் சமாதானம் பறிபோனது. அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

முதலில் உன் கதை. எனக்குச் சடங்கு வைப்பதற்காகத் தேக்காக் கடைத்தெருவில் ரவிக்கை தைக்கக் கூட்டிப்போனாய். தையற்காரர் நாடாவை எடுத்து அளந்துவிட்டு, "முப்பத்தினாலு" என்றார். "முப்பத்தினாலா? இந்த வயசுலயா?" என்று நீ கத்திய கத்தலில் கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். அங்கிருந்து நேரே இரண்டு கடை தள்ளிப் போய், "முப்பத்தினாலு பாடி குடுங்க" என்றாய். நீ அதை ஒருநாளும் பிரா என்று சொன்னதில்லை. கடைக்காரம்மா, "ஏ-யா, பி-யா, சி-யா?" என்று கேட்டார். "எழுத்தெல்லாம் கம்பெனிக்காரன் போடுறது. நீங்க நம்பரை மட்டும் பாருங்க" என்று சொல்லிவிட்டு, கைக்கு வந்ததை வாங்கினாய்.

அன்று பிடித்த பிடியை நீ விடவே இல்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் ரவிக்கைக்கு அளவு கொடுப்போம். தையற்காரர் சொல்லும் எண் அப்படியே பாடிக்கடைக்குப் போகும். முப்பத்தாறு, முப்பத்தெட்டு, நாற்பது. ரவிக்கையின் எண் மார்பின் முழுச் சுற்றளவு என்பதும், பிராவின் எண் அதற்குக் கீழே விலா எலும்பைச் சுற்றி எடுக்கும் அளவு என்பதும் உனக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. நீ போன பிறகும் மூன்று வருடம், நாலு எழுத்து படித்தவள் என்று பெயர் வாங்கிய நான், நாற்பது என்று கேட்டு வாங்கிக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த நாற்பது என்ன செய்யும் என்று தெரியுமா? முதுகுப் பட்டை தொளதொளவென்று மேலே ஏறும். ஏறாமல் இருக்க, இறுக்கம் கூடிய உள்வரிசைக் கொக்கியில் மாட்டுவேன். அப்படியும் ஏறும். தோள்பட்டையை இறுக்குவேன், அது தோளில் பள்ளம் பறிக்கும். கையைத் தூக்கினால் எல்லாம் இடம் மாறிவிடும். அதனால் வகுப்பில் நான் கையைத் தூக்குவதே இல்லை. இருபது வருடமாக என் வெண்பலகையின் மேல்பாதி வெறுமையாகக் கிடக்கிறது. "டீச்சர், ஏன் கீழேயே எழுதுறீங்க?" என்று பிள்ளைகள் கேட்டால், கடைசி வரிசைக்குத் தெரிய வேண்டாமா என்று புளுகுவேன். கீழே எழுதினால் கடைசி வரிசைக்குத்தான் தெரியாது.

இதெல்லாம் அறியாமை. அதற்காக உன்னை நான் திட்டவில்லை. உன் வாய்க்காகத் திட்டுகிறேன். நிமிர்ந்து நடந்தால், "என்ன திமிரு, அடங்கி நட." குனிந்து நடந்தால், "கெழவி மாதிரி என்ன கூன்?" எந்தக் கோணத்தில் நடந்தால் உனக்குப் பிடிக்கும் என்று நான் கண்டுபிடிக்கவே இல்லை. நெட்பால் குழுவில் என்னைச் சேர்த்தபோது, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பாடி போட்டுக்கொண்டு போகச் சொன்னாய். மூச்சு முட்டி மைதானத்தில் உட்கார்ந்தேன். அடுத்த வாரம் நானே விலகிவிட்டேன். "நல்லதாப் போச்சு" என்றாய். உயர்நிலைப் பள்ளி முடிக்கும் 'ஓ' நிலைத் தேர்வில் கணக்கில் கோட்டை விட்டேன். அன்று சாயங்காலம் புக்கிட் பாத்தோக்கிலிருந்து உன் தம்பி வந்திருந்தார். அவர் எதிரிலேயே, "மூளைக்குப் போக வேண்டியதெல்லாம் இவளுக்கு ஒடம்புக்குப் போயிடுச்சு" என்றாய். மாமா சிரித்தார். சிரித்துவிட்டுத் தொலைக்காட்சியைப் பார்த்தார். நான் அறைக்குள் போய், மணிக்கட்டைக் கடித்துக்கொண்டு அழுதேன்.

பள்ளியிலிருந்து வந்ததும் அந்தச் சனியனைக் கழற்றி எறிந்துவிட்டுத் தொளதொள சட்டையில் உட்காருவேன். மாமாவோ அவர் மகன்களோ வருகிறார்கள் என்று தொலைபேசி வந்தால் போதும். "ஆம்பளைங்க வர்ற வீடு. போய் மாட்டிக்கிட்டு வா" என்பாய். "அழுத்துதும்மா." "அழுத்தட்டும். பொம்பளைன்னா பொறுத்துக்கணும்." இந்த உரையாடலை நாம் எத்தனை முறை பேசியிருப்போம்? வசனம் மாறியதே இல்லை.

போன சனிக்கிழமை ஃபேரர் பார்க் பக்கம் ஒரு பெரிய கடைக்குப் போனேன். கழுத்து வலி, பழையது பிய்ந்துவிட்டது, வேறு காரணம் இல்லை. உள்ளாடைப் பிரிவில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு தமிழ் அம்மா நின்றிருந்தார். கழுத்தில் அளவு நாடா. நாற்பது வேண்டும் என்றேன். அவர் எடுத்துத் தரவில்லை. என்னைத் திரும்பி நிற்கச் சொல்லி, முதுகைப் பார்த்தார்.

"யாரு சொன்னா உங்களுக்கு நாப்பதுன்னு?"

"எங்கம்மா."

"அம்மா என்ன, ப்ளவுஸ் அளவைச் சொல்லி வாங்கிக் குடுத்தாங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "நம்ம பொம்பளைங்க முக்காவாசிப் பேரு அப்படித்தான் லா. வாங்க உள்ள" என்று உடை மாற்றும் அறைக்குக் கூட்டிப்போய் விலாவில் நாடாவைச் சுற்றினார். முப்பத்து நான்கு. கப் அளவைச் சொல்லும் எழுத்து எஃப். இரண்டு மூன்று எடுத்து வந்தார். முன்னால் குனியச் சொல்லி, பக்கத்தில் பிதுங்குவதையெல்லாம் உள்ளே எடுத்துவைக்கச் சொன்னார். கொக்கியை அவரே மாட்டிவிட்டார். நிமிர்ந்தேன். அம்மா, ஒன்றுமே வலிக்கவில்லை. கையைத் தலைக்கு மேலே தூக்கினேன், எதுவும் நகரவில்லை. கண்ணாடியில் நேராக நின்றவளுக்கு என் முகம் இருந்தது. தோளில் ஒரு பாரமும் இல்லாமல் மூச்சு இழுத்து விட்டேன், சிரிப்பு வந்தது.

அப்போதுதான் அவர் சொன்னார். "வெளிவரிசையிலதான் மாட்டியிருக்கேன். புதுசு எப்பவும் வெளிவரிசை. நாளாகி ரப்பர் லூசானப்புறம்தான் உள்ள போகணும். அளவான புதுசை உள்வரிசையில இழுத்து மாட்டினா சதையை அறுத்துடும். தெரிஞ்சு யாரும் அப்படிப் போட மாட்டாங்க."

நான் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணீர் வந்தது. அவர் டிஷ்யூ எடுத்துக் கொடுத்து, "நெறைய பேரு அழுவாங்க, பரவாயில்ல" என்றார். சுகத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். நானும் தலையாட்டினேன்.

இனி என் கதை. உனக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்த பிறகு, வாரத்தில் ஆறு நாள் மியன்மார்ப் பணிப்பெண் உன்னைப் பார்த்துக்கொண்டாள். குளிப்பாட்டி, தளர்ந்த பருத்தி அங்கியை மாட்டி, சன்னல் ஓரமாக உட்கார வைப்பாள். உள்ளே எதுவும் போடமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விடுமுறை. அன்றைக்குத்தான் மாமாவும் மகன்களும் உன்னைப் பார்க்க வருவார்கள். அன்றைக்கு மட்டும் உன் உடம்பு என் கையில்.

முதல் ஞாயிறு உன்னைக் குளிப்பாட்டியபோது உன் தோளைப் பார்த்தேன். என் தோளில் இருந்த அதே பள்ளம், என்னுடையதைவிட ஆழமாக, கருத்துப்போய். நீயும் உன் ரவிக்கை எண்ணைத்தான் ஆயுசு முழுக்கப் போட்டிருக்கிறாய். உனக்கும் வலித்திருக்கிறது. அதைப் பார்த்தவள் அந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். நான் நிறுத்தவில்லை.

நீ இளைத்திருந்தாய், பழையவை தொங்கின. உனக்கென்று புதிதாக இரண்டு வாங்கி வைத்திருந்தேன், சின்னதாகப் பார்த்து. ஒன்றை எடுத்ததும் நீ தலையை அசைத்தாய். வாய் கோணி, குழறிக் குழறி, "பாடி வேணாம்டி. அழுத்துது" என்றாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும்.

"ஆம்பளைங்க வர்ற வீடும்மா."

அது உன் வாக்கியம் என்று உனக்குப் புரிந்தது. உன் முகத்தின் ஒரு பாதிதான் அசையும். அந்தப் பாதியில் புரிந்ததைப் பார்த்தேன். உன் முதுகுப் பக்கம் வந்து, பட்டையின் இரண்டு முனையையும் இழுத்து, உள்வரிசையில் மாட்டினேன். நான் போட்டுக்கொள்வதும் உள்வரிசைதானே, அம்மாவுக்கும் அதுதானே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். என்னுடையது தொளதொளத்தது, விரல் பட்டால் மாட்டிக்கொள்ளும். உன்னுடையதை மாட்ட, உன் முதுகில் முழங்காலை முட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. இது தெரியாமல் செய்கிற காரியமா? இது எல்லாப் பெண்களுக்கும் வலிக்கிற சாமான்தான், நான் முப்பது வருடம் பொறுத்தேன், நீ மூன்று மணி நேரம் பொறு என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஒரு நினைப்பில்தான் இத்தனை நாளும் தூங்கினேன். அது யாருக்கும் வலிக்க வேண்டியதே இல்லை என்று போன சனிக்கிழமை எனக்கு அளவெடுத்த அம்மா சொல்லிவிட்டார்.

திங்கள் காலையில் பணிப்பெண் உன் முதுகில் களிம்பு தடவுவாள். ஒருமுறை என்னிடம் வந்து, "மேடம், சண்டே டூ டைட்" என்றாள். அவளுடைய வேலையை அவள் பார்த்தால் போதும் என்று சொன்னேன். அப்புறம் அவள் பேசவில்லை. களிம்பு மட்டும் சீக்கிரம் சீக்கிரம் தீர்ந்தது.

கடைசி ஞாயிறு. மாமா கிளம்பும்போது வாசலில் நின்று, "அக்கா ராணி மாதிரி உக்காந்திருக்கு. நீ நல்லா பாத்துக்கிறம்மா" என்று என் தலையைத் தொட்டுவிட்டுப் போனார். மற்ற வாரங்களில் மின்தூக்கிக் கதவு மூடியதும் வந்து உனக்குக் கழற்றிவிடுவேன். அன்று நான் அடுக்களைக்குள் போனேன். பின்னாலிருந்து உன் குரல் வந்தது.

"கழட்டி விடும்மா."

என்னை நீ ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. எருமை, தடிச்சி, ஏண்டி, வாடி. முதல் தடவையாகக் கெஞ்சினாய். எனக்குக் கேட்டது, நன்றாகவே காதில் விழுந்தது.

"இரும்மா, டீ போட்டுட்டு வரேன்."

தண்ணீர் கொதிக்கும்வரை நின்றேன். தேயிலையைப் போட்டு, நன்றாக இறங்கவிட்டு, பாலை ஊற்றினேன். குவளையை எடுத்துக்கொண்டு தொட்டி ஓரமாக நின்று குடித்தேன். அங்கிருந்து பார்த்தால் நீ தெரிவாய். உன் இடது கை முதுகுப் பக்கம் போகும், எட்டாமல் விழும். மறுபடியும் போகும். நான் பார்த்துக்கொண்டே குடித்தேன். குடித்து முடித்து, குவளையைக் கழுவித் துடைத்து, அலமாரியில் கவிழ்த்துவிட்டுத்தான் வந்தேன்.

புதன்கிழமை இரண்டாவது முறை பக்கவாதம் வந்து நீ போய்விட்டாய். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். சம்பந்தம் இருந்திருந்தால் யாராவது என்னைத் திட்டியாவது இருப்பார்கள். அம்மாவை அப்படிப் பார்த்துக்கொண்டாள், இப்படிப் பார்த்துக்கொண்டாள் என்று மாமா இன்றும் போகிற இடமெல்லாம் சொல்கிறார். நான் மறுப்பதில்லை, தலையைக் குனிந்துகொள்கிறேன். அடக்கமான பிள்ளை என்கிறார்கள்.

நீ என்னைக் கொடுமைப்படுத்தியபோதெல்லாம் உனக்கு அது பிடித்திருந்ததா என்று எனக்குத் தெரியாது. கேட்க நினைத்ததுண்டு, கேட்கவில்லை. என்னைப் பற்றி எனக்குத் தெரியும். அந்த டீ ருசியாக இருந்தது, அம்மா.