மூன்றாவது மாலை

முதலியார்பேட்டை,
10.1.2024

அன்புத் தம்பி ஜெஸ்டினுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். போனில் பேசினால் நமக்குள் சண்டைதான் வருகிறது, அதனால் எழுதுகிறேன். கூடத்துச் சுவரில் அப்பா அடித்த தேக்குப் பலகை கறுத்துவிட்டது. பட்டப்பகலில் லைட்டைப் போட்டுக்கொண்டு கீரை ஆய்கிறேன். ஈஸ்டர் முடிந்ததும் உன் மருமகள் மெரினுக்கு நிச்சயதார்த்தம். சம்பந்தி வீட்டார் வருவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும். பலகையைப் பிடுங்கிவிடலாமா, வால்பேப்பர் ஒட்டலாமா, வெள்ளை பெயிண்ட் அடிக்கலாமா? வீட்டில் நீயும் பங்காளி, அதனால் கேட்கிறேன். நேரில் வந்து சொன்னால் இன்னும் நல்லது. அம்மா அடக்கத்துக்கு வந்தவன்தான், ஒன்பது வருஷமாகிறது.

உன் அக்கா,
ரோசா

*

லியோன்,
27.1.2024

அன்புள்ள அக்கா,

பலகையைப் பிடுங்காதே. பின்னால் சுவர் என்ன கதியில் இருக்கிறதோ. நம் ஊர் ஈரத்துக்கு வால்பேப்பர் ஒரு மழைக்காலம் தாங்காது. வெள்ளை அடித்தால் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இளநிறமாக பாலிஷ் கொடு. எதிரே பெரிய கண்ணாடி மாட்டினால் வெளிச்சம் வரும். நிச்சயதார்த்தத்துக்கு எனக்கு லீவு கிடைக்காது. மருமகளிடம் நீயே சொல்லிவிடு. கல்யாணத்துக்குப் பார்க்கலாம்.

பிரியமுள்ள தம்பி,
ஜெஸ்டின்

*

முதலியார்பேட்டை,
4.3.2024

அன்புத் தம்பிக்கு,

கோபித்துக்கொள்ளாதே, வெள்ளைதான் அடித்தேன். தினமும் அந்தச் சுவரைப் பார்ப்பவள் நான்தானே. பெயிண்டர் முருகையன் தேய்த்து, பட்டி பார்த்து, இரண்டு கோட் கொடுத்தார். பலகையின் கோடுகள் அப்படியே தெரிகின்றன. பெயிண்ட் நெடி ஆகாமல் நான் நோணாங்குப்பத்தில் சித்தி வீட்டில் இருந்தேன். கழற்றி வைத்த படங்களையெல்லாம் அவரே துடைத்து மாட்டிவிட்டார். திரும்பி வந்து, நம் வீடுதானா என்று வாசலிலேயே நின்றுவிட்டேன். கவரில் போட்டோ வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரி மாதிரியா இருக்கிறது, நீயே சொல்.

அக்கா ரோசா

*

லியோன்,
20.3.2024

அக்கா,

சுவர் அழகாகத்தான் இருக்கிறது. சுவரில் இருப்பது என்ன?

அப்பா, அம்மா, நடுவில் நான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்த அன்று சொல்தா உடுப்பில் எடுத்த படம். அவர்களைப் போலவே எனக்கும் சந்தன மாலை, எனக்கும் தலைமாட்டில் சிவப்பு பல்பு.

நான் செத்து எத்தனை நாளாகிறது, அக்கா?

ஜெஸ்டின்

*

முதலியார்பேட்டை,
12.4.2024

தம்பி,

உன் கடிதத்தைப் படித்ததும் ஓடிப்போய்ச் சுவரைப் பார்த்தேன். மாதாவே, மாலைதான். முருகையனை வரவழைத்துக் கத்தினேன். "பட்டாளத்துலயே தவறிட்டாருன்னு நெனச்சிட்டேம்மா. இந்தத் தெருவுல எத்தினி வருஷமா வேலை பாக்கறேன், ஒரு தடவகூட அவரப் பாத்ததில்ல. அவருக்கு மட்டும் மாலையும் பல்பும் இல்லியேன்னு நானே வாங்கிப் போட்டேன்" என்றார்.

அவர் தெரியாமல் செய்தார். நான்? தினமும் சாயங்காலம் அந்த மூன்று பல்பையும் போட்டவள் நான்தான். மூன்று பேருக்கும் சேர்த்தே ஜெபம் சொன்னேன். நிச்சயதார்த்தத்தன்று சம்பந்தியம்மா உன் படத்தின் முன் நின்று சிலுவை போட்டார், அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை, ஜெஸ்டின். அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

மாலையைக் கழற்றப் போனேன், கை வரவில்லை. ஸ்விட்சை மட்டும் அணைத்தேன். மூன்றுக்கும் ஒரே ஸ்விட்ச். இப்போது அப்பாவும் அம்மாவும்கூட இருட்டில் இருக்கிறார்கள்.

ரோசா

*

லியோன்,
29.4.2024

அன்பு அக்கா,

மாலையைத் தொடாதே. முருகையனைத் திட்டாதே, அவர் கண்ணில் பட்டதைத்தான் செய்தார்.

டிக்கெட் எடுத்துவிட்டேன். மே 18, சனிக்கிழமை காலை வீட்டில் இருப்பேன். நானே ஏறி நானே என் படத்தைக் கழற்றுகிறேன், நீ ஸ்டூலைப் பிடித்துக்கொள். ஆணி ஓட்டையைப் பட்டி வைத்து அடைக்க முருகையனை வரச் சொல். அவர் என்னை ஒருமுறை பார்க்கட்டும்.

அதுவரை பல்பைப் போட்டு வை. அப்பாவும் அம்மாவும் இருட்டில் இருக்க வேண்டாம். அவர்களுக்கு நடுவில் நானும் இருந்துவிட்டு வருகிறேன்.

உன் தம்பி,
ஜெஸ்டின்