உங்கள் மெயிலில் தொங்கிக்கொண்டிருக்கிறோம், அத்தான்

அத்தான்,

இதனால் சகலருக்கும் ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது என்னவென்றால், உங்கள் மடிக்கணினியில் வெகுநாட்களாகத் தளர்ந்திருந்த எண்டர் பட்டன் இன்று காலை கழன்று விழுந்தது. மேசைக்கடியில் தேடியும் உடல் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரான பேக்ஸ்பேஸ் நலம்.

பட்டன் இருந்த பள்ளத்தில் மூக்கை வைத்துப் பார்த்தேன். பெருங்காய வாசனை. சாலைக் கடைவீதியில் பெருங்காயக் கடைக்கு மேல் மாடியில் அலுவலகம் வைத்தால் கணினிக்கும் சாம்பார் வாசம்தான் வரும் என்று நான் கிண்டல் செய்வேன். “வரட்டும் மாப்ளே, வர்ற பார்ட்டிக்குப் பசிக்கட்டும்” என்பீர்கள்.

பருப்பு மண்டிக்கும் துணிக்கடைக்கும் ஆணிக்கடைக்கும் நீங்கள் இணையப் பக்கம் செய்து கொடுத்தீர்கள். ஒவ்வொன்றுக்கும் கணக்குத் தொடங்கும்போது மெயில் முகவரி கேட்கும். முதலாளிமார் எல்லோரும் ஒரே பாட்டுத்தான் பாடினார்கள்: “எனக்கெதுக்கு மெயிலு? உங்க மெயிலையே போடுங்க.” நீங்களும் போட்டீர்கள். உங்கள் தொழில் மெயில் ஒன்றிலேயே பாதி சாலைக் கடைவீதியும் குடியிருந்தது.

“இது கம்பெனி மெயிலா, சத்திரமா அத்தான்? வாறவன் போறவன் எல்லாம் இதுக்குள்ளதான் படுத்துக் கெடக்கான்.”

“தனியா ஒண்ணு வச்சுக்கோங்கன்னு சொன்னா அவுகளுக்கு மூஞ்சி சுருங்குது மாப்ளே. ‘ஏன், நாளைக்கு எங்களைக் கைவிடப் போறியளா’ன்னு கேக்காக. இங்க சாவியைக் கையில தர்றதுதான் மரியாதை. திருப்பிக் குடுத்தா கோவம்.”

“அப்போ என்னைக்குத்தான் பிரிச்சுக் குடுப்பிய?”

“ஓணம் கழியட்டும்டா.”

ஓணம் வரவில்லை. அதற்கு முன்னால் மழை வந்தது. கடைவீதியில் தேங்கிய தண்ணீரில் செருப்பில்லாமல் நடந்தீர்கள். எலிக்காய்ச்சல் என்றார்கள். மவுசைப் பிடித்தே பிழைத்தவரை எலி பிடித்துக்கொண்டதே என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் எனக்கு ஒரு ஜோக் தோன்றியது. இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிக்கக்கூடிய ஒரே ஆளான நீங்கள் உள்ளே படுத்திருந்தீர்கள்.

நீங்கள் போன பிறகும் உங்கள் போன் ஓயாமல் அடித்தது. ஒருநாள் அக்கா நேராகப் போய் அந்த இணைப்பை ரத்து செய்துவிட்டு வந்தாள். “அது அடிக்கும்போதெல்லாம் இப்போ அவுக எடுத்துருவாகன்னு தோணுதுடா. அதான் நிறுத்திட்டேன்” என்றாள். நானும் சரி என்றேன். உங்கள் மெயிலைத் திறக்கும் ரகசிய எண் அந்தப் போனுக்குத்தான் வரும் என்பது அதற்கப்புறம்தான் தெரிந்தது. அவளிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லவும் போவதில்லை.

மெயில் கம்பெனிக்கு எழுதிப் பார்த்தேன். இந்தக் கணக்கு உங்களுடையதுதானா என்று உறுதி செய்ய முடியவில்லை என ஏதோ ஒரு இயந்திரம் பதில் போட்டது. அது சொன்னதும் நியாயம்தான்.

கடைக்காரர்கள் ஒருவழியாகச் சமாளித்துவிட்டார்கள். தெருவில் ஆள் நடக்கும்வரை அவர்களுக்கு வியாபாரம் உண்டு. மாட்டிக்கொண்டது செல்வி அக்காதான். பொன்முடி எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்து, மலையடிவாரத்தில் வித்துராவில் வீடு வாடகைக்கு எடுத்து, மலை பார்க்க வருகிறவர்களுக்கு அறை கொடுக்கிறாரே, அவர். அவருக்கு ஆள் வருவதே நீங்கள் போட்டுக் கொடுத்த பக்கம் வழியாகத்தான். அவர் ஆப்பத்தைப் புகழ்ந்து எத்தனை பேர் அதில் எழுதியிருக்கிறார்கள்! இன்றும் அறை கேட்டு யாராவது எழுதினால் அது உங்கள் மெயிலுக்குள் போய் விழுகிறது. பதில் இல்லை. அதில் இருக்கும் எண்ணும் உங்களுடையதுதான். கூப்பிட்டால், அப்படியொரு எண் ‘நிலவில் இல்லை’, அதாவது புழக்கத்தில் இல்லை, என்று ஒரு பெண்குரல் மலையாளத்தில் சொல்கிறது.

அவர் மாடிப்படி ஏறி வந்தபோது நான் நெஞ்சை நிமிர்த்தினேன். “செல்வியக்கா, டென்ஷன் வேண்டா. புதுசா ஒண்ணு, உங்க சொந்த மெயில்ல. பாஸ்வேர்டை என்கிட்டகூடச் சொல்லாதீங்க, நான் சுவரைப் பார்த்துக்கிடுதேன்” என்றேன். அவர் ஒவ்வொரு எழுத்தையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே அமுக்கினார். கீழே காயக்கடையில் எடை போடுகிறவருக்கும் இப்போது அது மனப்பாடம்.

புதுப் பக்கம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பெயரைத் தேடினால் பழையதுதான் முதலில் வருகிறது. ஆட்கள் அதற்கு எழுதுகிறார்கள், காத்திருக்கிறார்கள், வேறு இடம் பார்த்துப் போய்விடுகிறார்கள். நேற்று செல்வி அக்கா போன் செய்தார்.

“மழை விட்டும் ஒரு ஆள் வரல்ல மோனே. இந்த மாசம் பாக்கேன். இல்லேன்னா வீட்டை ஒழிச்சுக் குடுத்துருவேன், கேட்டியா?”

“வருவாங்கக்கா.”

“உனக்குப் பொய் சொல்லத் தெரியல்லடா. அவரு நல்லாச் சொல்லுவாரு.”

அவர் சொன்னது சரி. அந்தப் பழைய பக்கத்தை இனி யாராலும் திறக்கவும் முடியாது, மூடவும் முடியாது. அது அப்படியே வாசல் திறந்த வீடு மாதிரி நின்று, அவருக்கு வர வேண்டியவர்களை உள்ளே வாங்கித் தின்றுகொண்டிருக்கும். அவர் வீட்டைக் காலி செய்த பிறகும் அறை இருக்கிறது என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

இப்போது சாலைக் கடைவீதி முழுக்க நான்தான் பெரிய உபதேசி. “அவனவன் கணக்கு அவனவன் மெயில்ல இருக்கணும். அடுத்தவன் மெயில்ல தொங்கப்படாது” என்று டீக்கடையில் கிளாசைத் தட்டித் தட்டிப் பேசுகிறேன். கேட்கிறவர்களும் தலையாட்டுகிறார்கள்.

ஆனால் ஒன்று, அத்தான். பள்ளிக்கூடத்துக்காக எனக்கு மெயில் தொடங்கித் தந்தது நீங்கள்தானே. பாஸ்வேர்டு மறந்தால் மீட்க ஒரு முகவரி கேட்டதற்கு உங்கள் கம்பெனி மெயிலைப் போட்டீர்கள். அது இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அவ்வப்போது திரையில் உங்கள் முகவரியைக் காட்டி, ‘இது இப்போதும் சரிதானா?’ என்று கேட்கும். மாற்றுவதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது.

நான் ஒவ்வொரு தடவையும் ‘ஆம்’ என்றே அமுக்குகிறேன்.