வெப்பம் கொள்ளும் பை

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே மீட்டிங் வந்துவிட்டது என்று வைத்துவிடுவாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். அப்பாவுக்குக் கண்ணாடி மாற்றியாயிற்று, புதுக் கண்ணாடியிலும் அவருடைய தம்பியின் குறை மட்டும் தெரியமாட்டேன் என்கிறது. அங்கே குளிர் கூடிவிட்டது என்றாய், ஈரத் தலையோடு வெளியே போகாதே, ஈரம் காயும்போது உன் தலைச் சூட்டை எடுத்துக்கொண்டுதான் காயும், இது உன் சித்தப்பா வகுப்பெடுக்காமலே எனக்குத் தெரியும்.

அவரைப் பற்றித்தான் எழுத வேண்டும். எங்கள் கம்பெனிக்கு அவர் மேலாளராக வந்து நாலு மாதம் ஆகிறது. வந்த முதல் நாளே பேக்கிங்கில் இருக்கும் எங்கள் எல்லோரையும் வரிசையாக நிறுத்திவைத்து ஒரு மணி நேரம் பாடம் நடத்தினார். வேர்வை ஆவியாகும்போது உடம்பின் வெப்பத்தைக் கொண்டுபோகிறதாம், இலையிலிருந்து நீர் போகும்போதும் அப்படித்தானாம், நாய் நாக்கைத் தொங்கப்போடுவதும் அதற்குத்தானாம். எல்லாம் சரிதான், ஆனால் அந்தக் கட்டிடத்திலேயே ஏசி இருப்பது அவர் அறையில் மட்டும், வேர்வையைப் பற்றி எங்களுக்குச் சொல்ல வந்துவிட்டார். நாங்கள் நின்ற இடத்தில் எல்லோருடைய முதுகும் நனைந்திருந்தது.

நாங்கள் செய்கிற பை உனக்குத் தெரிந்ததுதான், சின்ன வயதில் உனக்குக் கால் சுளுக்கியபோது நானே வைத்துக் கட்டியிருக்கிறேன். வெளிப்பையில் வெள்ளை மணிகளாக உப்பு, உள்ளே ஒரு தண்ணீர்ப் பை, ஒரு குத்து விட்டால் உள்பை உடைந்து உப்பு கரையும், கரைவதற்கு வேண்டிய சூட்டைச் சுற்றிலும் இருந்து பிடுங்கிக்கொள்ளும், பை ஜில்லென்று ஆகிவிடும். பதினோரு வருடமாக அதன்மேல் குளிர்ப்பை என்றுதான் போட்டிருந்தோம், படித்தவர்களுக்கும் புரிந்தது, படிக்காதவர்களுக்கும் புரிந்தது. உன் சித்தப்பாவுக்கு மட்டும் அது கேவலமாகப் பட்டது. அறிவியல்பூர்வமாக இருக்க வேண்டுமாம். சூட்டை இழுத்துக்கொள்வதற்கு அறிவியலில் என்ன சொல் என்று உனக்கு மெசேஜ் அனுப்பிக் கேட்டார், நீயும் எதற்கு, யார் படிக்கப்போகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்காமல் பாடப்புத்தகத்தில் இருப்பதைத் தூக்கிப் போட்டாய். வெப்பம் கொள்ளும் பை. அதைச் சிவப்பு எழுத்தில் அடித்துக்கொண்டு வந்தார், சிவப்புதான் கடையில் கண்ணில் படுமாம்.

நான் சும்மா இருக்கவில்லை. தம்பி, இதைப் படிச்சா சூடா இருக்கும்னுதானே நினைப்பாங்க என்று கேட்டேன். கோபம் கொள்வான் என்றால் அவனுக்குக் கோபம் வரும் என்று அர்த்தம், ஆசை கொள்வாள் என்றால் ஆசை வரும், அப்படியானால் வெப்பம் கொள்ளும் என்றால் என்ன வரும், குளிரா வரும்? அதற்கு அவர் சிரித்துக்கொண்டே, அண்ணி, இது அறிவியல் தமிழ், உங்க பையனே சொன்னது, உங்களுக்குப் புரியாது என்றார். உன் பெயரைக் கேட்டதும் வாதாடுவதை விட்டுவிட்டேன். பயத்தில் இல்லை, பெருமையில். என் பிள்ளை சொன்னான் என்று நானே முதல் பெட்டிக்கு லேபிள் ஒட்டினேன். அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது அருவருப்பாக இருக்கிறது.

தெருமுனை வீட்டுப் பேருந்து ஓட்டுநரை மறந்திருக்க மாட்டாய், நீ புத்தகப் பையோடு ஓடிவருவதைக் கண்ணாடியில் பார்த்து வண்டியை நிறுத்துவாரே, அவர்தான். ஓய்வுபெற்று வருடங்கள் ஆகிவிட்டன, சர்க்கரை முற்றி இரண்டு பாதத்திலும் உணர்ச்சி கிடையாது. தொட்டால் கால் சில்லென்று இருக்கிறதே என்று அவருடைய மருமகள் மருந்துக்கடையில் எங்கள் பையை வாங்கியிருக்கிறாள். நின்று நிதானமாக ஒவ்வொரு எழுத்தாகப் படித்துத்தான் வாங்கினாளாம். குத்தி உடைத்தபோது கைக்குக் குளிர்ச்சியாக இருந்திருக்கிறது. ஆனால் கொள்ளும் என்றுதானே போட்டிருக்கிறது, இனிமேல்தான் கொள்ளும் என்று நினைத்து, பாதத்தில் வைத்துத் துணி சுற்றிவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டுப் பார்த்தால் பை வெதுவெதுப்பாகத்தான் இருந்திருக்கிறது. இருக்காதா, அந்த மனுஷனின் காலில் இருந்த சூட்டையெல்லாம் உறிஞ்சிக்கொண்டதே! பலன் தெரிகிறது என்று அன்று முழுக்க ஒன்று மாற்றி ஒன்றாகக் கட்டியிருக்கிறாள். அவருக்கோ வலி தெரியாது, அம்மா சொன்னால் கேட்கிற பிள்ளை மாதிரி காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். குளிரிலும் தோல் வேகும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அவர்களுக்குத் தெரியும். வலது காலில் இரண்டு விரல் கறுத்துவிட்டது, எடுக்க வேண்டும் என்கிறார்கள்.

இதைக் கேட்டதும் உன் சித்தப்பா ஆஸ்பத்திரிக்குப் போவார் என்று நினைத்தாயா? தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு தாள் எழுதினார். பையின் மேல் அச்சிட்டதைப் படிக்காமல் பயன்படுத்தியதால் நேர்ந்தது என்று அதில் இருக்கிறது, பேக்கிங் மேற்பார்வையாளர் என்று என் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறார். நம்ம குடும்பத்துக்குள்ள முடிஞ்சிடும் அண்ணி, உங்க பையன் பேரும் வெளியில வராது என்று இனிக்க இனிக்கப் பேசினார். அப்பா என்னவென்றால், அவன் சொல்றதும் ஒரு வகையில நியாயம்தானே என்கிறார். இந்த வீட்டு ஆண்களுக்கு நியாயம் எப்போதும் ஒரு வகையில்தான் இருக்கும். படிக்காமல் கட்டிவிட்டாள் என்கிற பேச்சு அதற்குள் தெருவுக்கும் போய்விட்டது. படிக்கத் தெரியாத கழுதையால என் அப்பா கால் போச்சு என்று அந்தப் பெண்ணை அவள் புருஷன் ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்தே திட்டுகிறான். பத்தாவது வரை படித்த பெண், எந்த மருந்தையும் இரண்டு தடவை படிக்காமல் கொடுக்காதவள். உன் சித்தப்பாவுக்குத் தன் நாற்காலி போகக்கூடாது, அவ்வளவுதான், அதற்கு ஒருத்தி முட்டாளானால் என்ன, இரண்டு விரல் போனால் என்ன.

நான் கையெழுத்துப் போடவில்லை, போடவும் மாட்டேன். உன்னை மட்டும் விட்டுவிடுவேன் என்று எண்ணாதே. பேச்சு வெளியே வந்ததும் நீ அனுப்பிய மெசேஜையும் பார்த்தேன், சொல் சரிதானேம்மா, டெர்ம் கரெக்ட் என்று எழுதியிருந்தாய். இத்தனை படித்து இதுதானா கற்றுக்கொண்டாய்? கேட்டவனுக்குச் சரியாகச் சொல்லிவிட்டால் போதுமா, படிக்கிறவள் யார் என்று ஒரு நிமிஷம் யோசிக்க உனக்கு நேரமில்லை. பரீட்சையில் போடு, மார்க் கொடுப்பார்கள்.

நேற்று மதியம் நானே ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த லேபிளை ஒட்டியவள் நான், சொல்லைக் கொடுத்தவன் என் மகன் என்று அவளிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் திட்டவில்லை, அப்போ நான் சரியாத்தான் படிச்சேனாக்கா என்று கேட்டாள். சரியாத்தான் படிச்சே என்றேன். இன்னொரு தடவ சத்தமாச் சொல்லுங்க, அவருக்குக் கேக்கட்டும் என்றாள். புருஷன் அந்தப் பக்கம் பார்த்து நின்றான், நான் சத்தமாகச் சொன்னேன், அவன் திரும்பவில்லை. நான் சொன்னால் அது பேக்கிங்காரி பேச்சு, வெளிநாட்டில் இருக்கிற நீ எழுதினால்தான் இவர்கள் காதில் ஏறும், அதுதான் இன்னும் கேவலம். ஆனாலும் எழுது. எனக்கு வேண்டாம், சித்தப்பாவுக்கும் வேண்டாம், அவளுக்கு எழுது, சொல் என்னுடையது, நீங்கள் தமிழை ஒழுங்காகத்தான் படித்தீர்கள் என்று உன் கைப்பட எழுது. டெர்ம் எதுவும் போடாதே.

நல்ல புத்தியோடும் ஆயுளோடும் இரு. அவர்கள் வீட்டு முகவரியைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே தபாலில் சேர்த்துவிடு, விரலை எடுப்பதற்குள் எப்படியும் வந்து சேராது, அவர் வீடு திரும்பும்போதாவது அந்த வீட்டில் அது இருக்க வேண்டும்.

உன்மேல் கோபம் கொள்ளும்,
அம்மா