தூங்குமூஞ்சி மரத்தில் கட்டிய மஞ்சள் துணி

என் நசீமா அக்காவுக்கு,

நீ இருக்கிற இடத்தில் நல்ல நிழல் இருக்கிறதா? இருக்கட்டும். இங்கே நம் நிழலுக்குத்தான் ஆபத்து வந்திருக்கிறது. உனக்கு நல்ல சேதியாக எழுதத்தான் ஆசைப்பட்டேன். ஆனால் இந்தக் கோபத்தை யாரிடமாவது கொட்டியாக வேண்டும். ஆரம்பித்து வைத்தவள் நீ. நீயே கேள்.

உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் தெரியட்டும். வெள்ளைக்காரன் காலத்தில் அதிகாரிகள் வந்து தங்கிய முசாபரி பங்களாவைச் சுற்றிப் போட்டது நம் தோட்டம். பங்களா இடிந்து போனது, தோட்டம் ஊருக்கு மிஞ்சியது. சந்தை நாளில் சித்தேரி மலையிலிருந்து தேனும் கடுக்காயும் கொண்டு இறங்குகிறவர்கள் அங்கேதான் பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் அங்கேதான் சோற்றுப் பாத்திரத்தைத் திறப்பார்கள். அத்தனை பேருக்கும் கூரை அந்த ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம்.

உன் துணிக்கடையும் என் தையல் கடையும் ஒரே சுவரில் ஒட்டியிருந்தன. குப்பைமேடாகக் கிடந்த தோட்டத்தை நாமே கூட்டினால் என்ன என்று நீ கேட்ட அன்று நான் உன்னைக் கிண்டல் செய்தேன். அடுத்த ஞாயிறு காலை நானும் விளக்குமாற்றோடு நின்றேன். பஸ் ஓட்டி ரிட்டயர் ஆன தனபால் அண்ணன் வந்தார், இன்னும் சிலர் வந்தார்கள். நீ போட்ட சட்டம் இரண்டே இரண்டுதான். சருகைக் கொளுத்தக் கூடாது, கூட்டி மரத்தடிக்கே தள்ள வேண்டும். மரத்தடி மண்ணை யாரும் மூடக் கூடாது.

அப்புறம்தான் அங்கே கடைகள் கட்டப் போவதாகப் பேச்சு வந்தது. மனு கொடுத்தோம், அலைந்தோம், வெயிலில் காத்திருந்தோம். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு நாள் மரத்தின் மேல் வெட்டுவதற்கு அடையாளமாகச் சிவப்பு பெயின்டில் நம்பர் விழுந்தது. அன்று சாயங்காலம் நீ கடையிலிருந்து மஞ்சள் துணியை எடுத்து, பல்லால் கடித்துக் கிழித்து, என் கையில் கொடுத்தாய்.

"நான் கட்டுனா அது வெறும் துணி, மல்லிகா. நீ கட்டுனா சாமி. போ, கட்டிட்டு வா."

கட்டினேன். மஞ்சளைக் குழைத்து அப்பி, மேலே குங்குமம் வைத்தேன். மறுநாள் ரம்பத்தோடு வந்தவர்கள் அதைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார்கள், கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். தூங்குமூஞ்சி மரத்தில் எந்த ஊரில் அம்மன் குடியிருக்கிறாள்? உன் கடை வாசலில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அந்தச் சிரிப்புக்குத்தான் இப்போது அனுபவிக்கிறேன். நீ தப்பித்துக்கொண்டாய். உன் மேலும் எனக்குக் கோபம்தான், அக்கா. இப்படி ஒன்றைத் தொடங்கிவிட்டு ஒரு காய்ச்சலில் படுத்து அப்படியே போவார்களா?

நீ போன கொஞ்ச நாளில் மரத்தடிக்கு ஒரு கல் வந்தது. கல்லுக்குப் பக்கத்தில் சூலம் வந்தது, சூலத்துக்குத் தகரக் கொட்டகை வந்தது, கொட்டகைக்கு ஒரு கமிட்டி வந்தது. கமிட்டிக்குத் தலைவர் மாதப்பன். சிமெண்ட் வேலை எடுத்துச் செய்கிறவர். நாம் கூட்டிய காலத்தில் ஒரு நாள்கூட விளக்குமாற்றைத் தொட்டுப் பார்க்காத மனுஷன். இப்போது தோட்டத்துக்கே சொந்தக்காரர் அவர்தான். வரும் ஆடிக்குள் மரத்தைச் சுற்றி சிமெண்ட் மேடை போட்டு டைல்ஸ் பதிக்கப் போகிறார்களாம். ரம்பம் வந்திருந்தால் மரம் ஒரே நாளில் செத்திருக்கும். இவர்கள் கும்பிட்டுக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்லப் பார்க்கிறார்கள்.

தனபால் அண்ணனிடம் சொன்னேன். ஆடி முடியட்டும், பேசிக்கொள்ளலாம், சாமி விஷயம் என்றார். மேடை போட்ட பிறகு எதைப் பேசுவது? எனக்கு அவர் மேலும் ஆத்திரம் வந்தது.

இதையெல்லாம்கூட உன்னிடம் சொல்லிவிடலாம். அடுத்ததை எழுதத்தான் கை வர மாட்டேன் என்கிறது. உனக்குப் பதிலாக ஞாயிறுதோறும் உன் மகள் ஷாஹிதா வந்துகொண்டிருந்தாள், தெரியுமா? உன்னைப் போலவே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாயே திறக்காமல் கூட்டுவாள். இரண்டு வாரத்துக்கு முன்னால் மாதப்பன் அவளிடம் வந்து சிரித்த முகமாகச் சொன்னார்.

"தப்பா நெனைக்காதம்மா. சாமி இருக்கற எடம், சுத்தபத்தமா இருக்கோணும். நீ அந்தப் பக்கமா கூட்டிக்க."

அவள் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். நான் அங்கேதான் நின்றேன். யாரை எட்டி நிற்கச் சொல்கிறார்கள், அக்கா? யார் மகளை?

போன ஞாயிறு போனபோது சிமெண்ட் மூட்டைகள் இறங்கியிருந்தன. ஜல்லி கொட்டியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு மரத்தடிக்குப் போனேன். அடிமரத்தைச் சுற்றி யார் யாரோ வேண்டிக் கட்டிய துணிகள். அவற்றை விலக்கி விலக்கி அடியில் தேடினேன். நம்முடையது மஞ்சளே தெரியாமல் வெளுத்துக் கிடந்தது. ஆனாலும் நீ கடித்துக் கிழித்த ஓரம் எனக்குத் தெரியாதா? முடிச்சில் நகத்தை வைத்தேன்.

மாதப்பன் ஓடி வந்தார். ஆத்தா துணியில் கை வைக்காதீங்க, கேடு வரும் என்றார். சுற்றிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது.

"ஆத்தா துணி இல்லீங்க. நசீமாக்கா கடைத் துணி. மரத்த வெட்ட வந்தப்ப அவங்க கிழிச்சுக் குடுத்தாங்க, நான் கட்டுனேன். அவங்க பொண்ணத்தான் நீங்க எட்டி நிக்கச் சொன்னீங்க."

முடிச்சு அவிழ்ந்து கையோடு வந்தது. அப்போது இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு பெண் என் பக்கத்தில் வந்தாள். பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்தவள். அவள் முகத்தில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது.

"அப்ப எம் புள்ளைக்கு நான் வேண்டிக்கிட்டது என்னாகுங்கக்கா?"

அதுவரை இருந்த வேகமெல்லாம் இறங்கிவிட்டது. நீ கட்டிய துணியை நான் அவிழ்க்கவில்லை, அது உனக்கும் உன் சாமிக்கும் நடுவில் இருக்கிறது, நாங்கள் கட்டியதை மட்டும்தான் எடுத்தேன் என்று அவளிடம் சொன்னேன். அவள் மூட்டைகளைப் பார்த்துவிட்டு, காலடியை மூடினால் மரத்துக்குத் தண்ணீர் எப்படி இறங்கும் என்று மாதப்பனிடமே கேட்டாள். கூட்டத்தில் இன்னும் சிலர் அதையே கேட்டார்கள். அன்றைக்கு வேலை நடக்கவில்லை.

ஜெயித்துவிட்டோம் என்று நினைக்காதே. மூட்டைகள் தார்ப்பாய்க்கு அடியில் அங்கேயே இருக்கின்றன. தைக்கக் கொடுத்த ஜாக்கெட் துணிகளைச் சிலர் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். பொய் என்று வெளியே சொல்லிவிட்டாயே, இனி ரம்பம் வந்தால் எதைக் காட்டுவாய் என்று தனபால் அண்ணன் கேட்டார். நியாயமான கேள்விதான். அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

நீ அன்றைக்குச் சொன்னது தப்பு, அக்கா. நான் கட்டினாலும் அது துணிதான். அது காப்பாற்றும் என்று நம்பி நாம் வீட்டுக்குப் போய்விட்டோம். மரத்தடியில் நாம் நின்றிருக்க வேண்டும்.

இனி நிற்பேன். ரம்பம் வந்தாலும் சிமெண்ட் வந்தாலும் முதலில் என்னைத்தான் நகர்த்த வேண்டியிருக்கும். நேற்று ஷாஹிதாவைப் போய்ப் பார்த்தேன். வருகிறேன் என்று ஒரே வார்த்தைதான் சொன்னாள். அவள் விளக்குமாற்றின் கட்டு கையில் குத்துகிறது என்று முன்னே ஒரு நாள் சொல்லியிருந்தாள். உன் துணியைத் துவைத்துக் காயவைத்து, அந்தக் கட்டைச் சுற்றி இறுக்கித் தைத்துக் கொடுத்திருக்கிறேன். இந்த ஞாயிறு அவள் மரத்தடியில்தான் கூட்டுவாள், நான் அவள் பக்கத்தில் இருப்பேன்.

உன் பக்கத்துக் கடைத் தங்கச்சி,
மல்லிகா