துரைக்குப் போட்ட கட்டில்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், கடல் உன்னை அதிகம் ஆட்டாமல் வைத்திருக்கிறது என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். வீட்டில் மூன்றாவது ஆள்தான் சுகமாக இல்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கப்பலின் எஞ்சின் அறையில் வேலை பார்க்கிற பெண்ணைப் பாப்பா என்று கூப்பிட்டால் யாராவது பார்த்துச் சிரிப்பார்கள் என்று உறையின் மேல் உன் பெயரை முழுதாக எழுதியிருக்கிறேன், உள்ளே அப்படி எழுத எனக்கு வரவில்லை. அடுத்த துறைமுகத்துக்கு நீங்கள் வந்து சேரும்போது ஏஜென்ட் இதை உன் கையில் கொடுத்துவிடுவார் என்று கம்பெனி அலுவலகத்தில் சொன்னார்கள். போன துறைமுகத்திலிருந்து நீ அனுப்பிய செய்தியை அப்பா இன்னும் போனில் எடுத்து எடுத்துப் பார்க்கிறார், நான் வர்ற வரைக்கும் துரைக்கு ஊசி கீசி எதுவும் போட விட்டுடாதீங்க, நான் வந்து பார்த்துக்கறேன் என்று எழுதியிருந்தாயே, அது. நீ வர இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. துரை அதுவரை இருக்க மாட்டான் பாப்பா. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிப் பக்கம் வரை நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படிக்க வேண்டாம். உன்னைப் பெற்றபோது எனக்கு இப்போதைய உன் வயதுகூட இல்லை, நாம் இரண்டு பேரும் ஏறக்குறைய ஒன்றாக வளர்ந்தவர்கள், உன்னிடம் ஒளித்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை.

நீ கிளம்பும்போது பின்னங்கால்களை இழுத்து இழுத்தாவது நடந்தான், இல்லையா. மழை தொடங்கியதும் அதுவும் நின்றுவிட்டது. வாசல் அறையின் சிமெண்டுத் தரையில் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தான், அந்தக் கனமான உடம்பை எழுப்பவும் முடியவில்லை, திருப்பினால் உறுமுவான். ஒருநாள் துடைத்துவிடும்போதுதான் இடுப்பு எலும்பு துருத்திக்கொண்டிருக்கிற இடத்தில் முடி கொட்டி, தோல் சிவந்து ஈரமாக இருந்ததைப் பார்த்தேன். ஸ்கூட்டரில் வருவாரே கால்நடை டாக்டரம்மா, அவர் வந்து பார்த்துவிட்டு இது படுக்கைப் புண், இனிமே தரையில போடாதீங்க, அடியில காத்து போகணும், எலும்பு அழுந்தக் கூடாது, ஈரம் தங்கக் கூடாது, கொஞ்சம் உயரமா கட்டில் மாதிரி ஒண்ணு பண்ணுங்க என்றார். பண்ணுங்க என்ற சொல்லைக் கேட்டதும் உன் அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பல நாளாகக் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்த மனிதர் எழுந்து போய் டேப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

உனக்குத் தெரியும், பஸ்ஸுக்கு சீட்டு கட்டிக் கட்டி அவருடைய கைக்கு வேறு எந்த அளவும் தெரியாது. பட்டறையில் மிஞ்சிய இரும்புக் குழாயை வளைத்து, பற்றவைத்து, சாம்பல் வண்ணம் அடித்து ஒரு கட்டிலைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து இறக்கினார். பார்த்தால் அசல் பஸ் சீட்டு உயரம். துரை படுத்தபடியே அதை அண்ணாந்து பார்த்தான். இரண்டு பேருமாகத் தூக்கி மேலே கிடத்தியதும் கீழே எட்டிப் பார்த்துவிட்டு நடுங்க ஆரம்பித்துவிட்டான், குரைக்கக்கூட இல்லை. மாடி வீட்டு கேஷியர் படி இறங்கி வந்தவர் நின்று பார்த்துவிட்டு, சீட்டு போட்டாச்சு, டிக்கெட் யார் குடுக்கப் போறா, கண்டக்டர் நீங்களா அம்மாவா என்று கேட்டார். அப்பாவுக்கு வந்ததே கோபம், அப்படியே கட்டிலைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போய் கால்களை ஒரு சாண் உயரத்துக்கு அறுத்துக்கொண்டு வந்தார். கேஷியர் அதையும் விடவில்லை, நாய்க்குக் கட்டில், நமக்குப் பாய், அடுத்து துரைக்குக் கொசுவலை எப்போ என்றார். உங்க வலை பழசாச்சுன்னா குடுங்க என்று நான் சொல்லிவிட்டேன்.

அடுத்த தப்பு என்னுடையது, அதை அப்பா தலையில் போட முடியாது. குழாய்ச் சட்டத்தில் கட்ட கித்தான் துணியை நான்தான் தைத்தேன். பள்ளிச் சீருடை வெட்டுகிற எனக்கு ஒரு நாயை அளக்கத் தெரியாதா என்ற பெருமை வேறு. அப்பா துண்டை வயிற்றுக்கு அடியில் கொடுத்து அவனைத் தூக்கி நிறுத்திப் பிடித்துக்கொள்ள, நான் மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை நீளம், மார்பு அகலம், இரண்டு பக்கமும் நாலு நாலு விரல் தாராளம் என்று அளவெடுத்தேன். ஓரத்தை இரட்டையாக மடித்து, கயிறு கோர்க்கக் கண் அடித்து, சட்டத்தில் பொருத்தினோம். அப்பா தன் பங்குக்குக் கயிற்றை முறுக்கி இழுத்து இழுத்துக் கட்டி, விரலால் சுண்டினால் மேளம் மாதிரி சத்தம் வருகிற அளவுக்கு விறைப்பாக்கிவிட்டார், தொய்வு விழுந்தா எங்க மேஸ்திரி சீட்டை மூஞ்சியிலேயே எறிவாரு என்று பெருமையாகச் சொன்னார். துரை அதில் படுத்தால் பலகையில் படுத்த மாதிரி இருந்தது, இடுப்பு கொஞ்சமும் அமுங்கவில்லை, நான்கு கால்களும் கட்டிலுக்கு வெளியே தொங்கின, முன்னங்கால் எலும்பு இரும்புக் குழாயில் அழுந்தி அங்கே புதிதாக ஒரு கன்றல் வந்துவிட்டது. எனக்குப் புரியவே இல்லை, அளவு தப்பவில்லையே என்று டேப்பை வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒரு விடுமுறை நாள் மத்தியானம் எதிரில் உட்கார்ந்து அவன் தூங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. சட்டை போடுகிறவர்கள் நிற்பவர்கள், அதனால் நிற்க வைத்து அளக்கிறோம். நான் நிற்கிறவனை அளந்து படுக்கிறவனுக்குத் தைத்திருக்கிறேன்.

பிறகு தையல் யூனிட்டிலிருந்து மாதிரி வெட்டுகிற பழுப்புக் காகிதத்தைக் கொண்டுவந்து தரையில் ஒட்டி, அதன் மேல் அவனைக் கிடத்தி, அவன் நன்றாகத் தூங்கிய பிறகு கால்கள் எப்படி எப்படிக் கிடந்தனவோ அப்படியே சுற்றிச் சாக்குக்கட்டியால் கோடு போட்டேன். அவனைத் தூக்கிய பிறகு காகிதத்தில் கிடந்த அந்த உருவம் எனக்குப் பிடிக்கவில்லை, உடனே சுருட்டி வைத்துவிட்டேன். அந்த அளவுக்கு அப்பா சட்டத்தை அகலமாக்கினார். தொய்வாகக் கட்டுங்கள் என்றால் அவருக்குக் கை வரவில்லை, லூசா கட்டுன்னா எந்த லூசு, அதுக்கு ஒரு கணக்கு வேணாமா என்று சண்டை. கடைசியில் அவரையே துணியின் நடுவில் உட்கார வைத்து, அவர் கனத்துக்கு எவ்வளவு இறங்குகிறதோ அந்த இறக்கத்தில் நான் சுற்றிலும் கயிறு கட்டினேன். மாமனார் வீட்டுக்கு முதல் தடவை வந்த மாப்பிள்ளை மாதிரி கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. குழாயைச் சுற்றிப் பஞ்சு வைத்த பட்டையைத் தைத்தேன், தலைமாட்டில் தாடையை வைத்துக்கொள்ள ஒரு உருளை, இடுப்புக்கு அடியில் மெத்தைத் துண்டில் புண் எதிலும் படாதபடி வட்டமாக ஒரு பள்ளம், நனைந்தால் கழற்றித் துவைக்க இரண்டு மாற்றுத் துணி. அதில் கிடத்தியதும் துரை ஒரு பெருமூச்சு விட்டான் பார், அறைக்கே கேட்டது. கால்கள் எல்லாம் கட்டிலுக்குள் இருந்தன. அப்பா என் தோளில் தட்டிவிட்டுப் போனார். அன்றைக்கு இரண்டு பேரும் சந்தோஷமாகச் சாப்பிட்டோம் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் சாப்பிட்டோம்.

புதன்கிழமை டாக்டரம்மா வந்தார். கட்டிலைச் சுற்றி வந்து, குனிந்து அடியில் கை விட்டுப் பார்த்து, இந்த மாதிரி ஒண்ணு நான் எங்கயும் பாத்ததில்லம்மா என்றார். அப்புறம் கட்டைப் பிரித்துப் புண்ணைப் பார்த்தார். மேலே சின்னதாகத் தெரிந்தது உள்ளே பெரிய குழியாகி எலும்பு தெரிந்தது, நானும் பார்த்தேன், வெள்ளையாக இருந்தது. கட்டில் நல்ல கட்டில், ஆனா புண்ணு கட்டிலுக்கு முந்திக்கிச்சு என்றார். முதுகெலும்பிலும் கோளாறு, இடுப்புக்குக் கீழே நரம்பு திரும்பாது, ரத்தத்தில் சீழ் ஏற ஆரம்பித்துவிட்டது, மருந்து கொடுக்கலாம், அது புண்ணை ஆற்றாது, நாட்களைத்தான் கூட்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். என்ன செய்யலாம் என்று கேட்டேன். நான் சொல்ல மாட்டேம்மா, நீங்க சொல்லணும், நீங்க சொன்னா வர்றேன் என்று பையை மூடினார். நூலகத்திலிருந்து நோயாளிகளைப் பராமரிப்பது பற்றிய தடிப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்து படித்திருந்தேன், மதிய இடைவேளையில் யூனிட்டிலிருந்து ஓடிவந்து அவனைப் புரட்டிப் போட்டுவிட்டுத்தான் போவேன், எல்லாம் சரியாகச் செய்கிறோம் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால் கட்டில் செய்துகொண்டிருந்த அத்தனை நாளும் நாங்கள் வைத்தியம் செய்துகொண்டிருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தோம். கைக்கு வேலை இருக்கும்போது மனசு எதையும் கேட்பதில்லை.

அவன் எப்படி இருக்கிறான் என்று உனக்கு உள்ளது உள்ளபடி எழுத வேண்டும். கட்டு மாற்றும்போது தன்னுடைய முன்னங்காலையே கவ்விக்கொள்கிறான், பக்கத்தில் என் கை இருந்தும் அதைக் கவ்வ அவனுக்கு மனம் வரவில்லை. முட்டையை வாயில் வாங்கிக்கொள்கிறான், நாங்கள் திரும்பியதும் மெதுவாகக் கீழே விட்டுவிடுகிறான். ஈ வந்து மொய்க்கிறது, வாலால் விரட்ட அவனால் முடியவில்லை. முந்தாநாள் கேஷியர் துவைத்து மடித்த கொசுவலையைக் கொண்டுவந்து கட்டிலின் மேல் கட்டிவிட்டுப் போனார், கேலி எதுவும் வரவில்லை, அப்போதுதான் எனக்கு ரொம்பப் பயமாகிவிட்டது. உன் பெயரைச் சொன்னால் காது அசைகிறது, அதுவும் ஒரு தடவைதான், இரண்டாவது தடவை சொன்னால் அசைவதில்லை. அதனால் இப்போது சொல்வதில்லை.

அப்பா இன்னும் விடவில்லை. கட்டிலுக்குச் சக்கரம் வைத்தால் வெயிலுக்குத் தள்ளிக்கொண்டு போகலாம், வெயில் பட்டா புண்ணு காயும் என்று பட்டறையில் நான்கு சக்கரத்துக்குச் சொல்லி வைத்திருந்தார். நேற்று அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்து, ஊசி போட டாக்டரம்மாவை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லப் போகிறேன் என்று சொன்னேன். அவர் தட்டைக் கழுவி வைத்தார், துடைத்து வைத்தார், அப்புறம் பாப்பா வேணாம்னு சொல்லியிருக்காளே என்றார். பாப்பா கட்டு மாத்தலையே என்றேன். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம், வாயில் வந்துவிட்டது. அவர் போய்க் கட்டிலின் கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டு, ஞாயித்துக்கிழமை வேணாம், சக்கரம் சனிக்கிழமைதான் வருது, மாட்டி முடிக்க ராத்திரி ஆயிடும், ஞாயித்துக்கிழமை ஒருநாள் அவனைத் தெருமுனைக் கம்பம் வரைக்கும் தள்ளிட்டுப் போயிட்டு வந்துடறேன் என்றார். எல்லா நாய்களோடும் சண்டை போட்டு அவன் தன்னுடையது என்று வைத்திருந்த அந்தக் கம்பம்தான். சரி என்றேன். அந்த ஒருநாளும் துரைக்கு வலி என்று தெரிந்துதான் சரி என்றேன். டாக்டரம்மா திங்கட்கிழமை காலையில் வருகிறார், நான் யூனிட்டுக்கு லீவு சொல்லிவிட்டேன், அப்பா காரணம் சொல்லாமல் லீவு கேட்டிருக்கிறார்.

நீ கேட்டுக்கொண்ட ஒன்றே ஒன்றை நான் செய்யவில்லை. கம்பெனி அலுவலகத்தில் சொன்னால் கப்பலுக்கு அவசரச் செய்தி அனுப்புவார்களாம், நான் அனுப்பவில்லை. அனுப்பினால் வேண்டாம்மா என்று பதில் வரும், நான் சரி என்றுவிடுவேன், அப்புறம் அந்தச் சரியின் மேல் துரைதான் படுத்துக் கிடக்க வேண்டும். நீ இதைப் படிக்கும்போது திங்கட்கிழமை போய் எத்தனையோ நாள் ஆகியிருக்கும். காலத்துக்கும் உனக்கு என் மேல் ஒரு கோபம் இருக்கும் என்று தெரியும், இருக்கட்டும், என் மேலேயே வைத்துக்கொள், அப்பாவிடம் காட்டாதே, நீ ஒரு வார்த்தை சொன்னால் அவர் போய் இன்னொரு கட்டில் செய்ய ஆரம்பித்துவிடுவார். கட்டிலை என்ன செய்வது என்றும் தெரியவில்லை. வேறு நாய்க்குக் கொடுக்கலாம் என்கிறார் கேஷியர், அது எப்படி, அது துரை தூங்கின அளவு, வேறு எந்த நாய் அப்படிக் காலை நீட்டும்.

நீ நன்றாக இரு. உன் கைவேலை உன்னைக் காப்பாற்றட்டும், போகிற கரையெல்லாம் உனக்கு நல்ல மனிதர்கள் கிடைக்கட்டும். சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. இந்தக் கடிதத்தை வேலைக்கு இறங்கும் முன்னால் படிக்காதே, வேலை முடிந்து உன் அறைக்கு வந்த பிறகு படி, தவறிப் போய் முன்னாலேயே படித்துவிட்டால் மேலதிகாரியிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு மேலேயே இருந்துவிடு. அந்த எஞ்சின் அறை ஏணியில் கண் தெரியாமல் இறங்கக் கூடாது பாப்பா, இரண்டு கையும் கம்பியில் இருக்கட்டும்.

எப்போதும் உன் நல்லதையே நினைக்கும்
அம்மா

(அப்பா தனியாக எழுதவில்லை. என்ன எழுதட்டும் என்று கேட்டதற்கு, நீயே எழுதிடு என்று சொல்லிவிட்டு பட்டறைக்குப் போய்விட்டார்.)